பிபிடி வாசிக்கும் பேராசிரியருக்கு யார் பாடம் எடுப்பது?

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



இந்த வாரம் ஒரு கேள்வியோட தொடங்கலாம். உங்க காலேஜ்ல பிபிடியை அப்படியே வாசிச்ச ஒரு பேராசிரியர் இருந்தாரா? கட்டாயம் இருந்திருப்பார். லைட்டை அணைச்சு, புரொஜெக்டரைப் போட்டு, ஒரு ஸ்லைடுக்குப் பதினஞ்சு வரி. கடைசி பெஞ்சுல பாதிப் பேர் தூக்கம். 'இதை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா நாங்களே படிச்சுக்குவோமே சார்'னு மனசுக்குள்ள சொல்லியிருப்பீங்க.

அந்தப் பேராசிரியரைப் பற்றி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவர் பயிற்சி எடுக்காதவர் இல்லை. அவர் வீட்டு பீரோவைத் திறந்து பார்த்தா, கற்பித்தலில் கணினியைப் பயன்படுத்துவது எப்படின்னு நாலஞ்சு சான்றிதழ் இருக்கும். அந்தப் பயிற்சிகளை நடத்துற ஆட்கள்ல நானும் ஒருத்தன். பன்னிரண்டு வருஷமா கலை அறிவியல் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள்னு போய்க்கிட்டிருக்கேன். அதனால இன்னிக்கு என் தொழிலைப் பற்றியே பேசப்போறேன். இவ்வளவு பயிற்சி நடந்தும் வகுப்பறை ஏன் மாறலை? எந்த மாதிரி பயிற்சி நடந்தா மாறுது?

பயிற்சிக்குப் பஞ்சம் இல்லை

முதல்ல ஒரு சின்ன வரலாறு. கல்லூரி ஆசிரியருக்கும் பயிற்சி வேணும் என்பது இந்தியாவில் புதிய யோசனை இல்லை. பாலிடெக்னிக், பொறியியல் ஆசிரியர்களுக்காக சென்னை தரமணியில் ஒரு நிறுவனம் 1964-லேயே தொடங்கப்பட்டது. இன்றைக்கு அதன் பெயர் என்.ஐ.டி.டி.டி.ஆர். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களில் அகடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்ற மையங்கள் வந்தன. ஓரியன்டேஷன் கோர்ஸ், ரெஃப்ரெஷர் கோர்ஸ் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்களே, அது அங்கே நடப்பதுதான். அந்த மையங்கள் இடையில் ஒருமுறை பெயர் மாறி, 2023-இல் மாளவியா மிஷன் என்ற புதுப் பெயரில் வந்திருக்கின்றன.

கணினி பக்கம் பார்த்தாலும் குறைவில்லை. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் என்பிடெல் தொடங்கின. ஐஐடி பம்பாய், நாடு முழுக்க இருக்கும் கல்லூரிகளைத் தொலை மையங்களாக இணைத்து, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 'ட்ரெய்ன் 10,000 டீச்சர்ஸ்' என்பதுதான் அந்தத் திட்டத்தின் பெயர். 2017-இல் ஸ்வயம் வந்தது. இதுபோக, ஒவ்வொரு கல்லூரியும் தானே நடத்தும் எஃப்.டி.பி. என்ற ஐந்து நாள் பயிற்சி முகாம்கள்.

ஆக, பயிற்சி இல்லைங்கிறது பிரச்சினை இல்லை.

ஐந்து நாள், பத்து டூல்

ஒரு எஃப்.டி.பி. எப்படி நடக்கும்னு உள்ளே போகாதவங்களுக்குச் சொல்றேன். திங்கட்கிழமை காலையில குத்துவிளக்கு, பொன்னாடை, பிரின்சிபால் உரை. பதினோரு மணிக்கு டீயும் சமோசாவும். அதுக்கப்புறம் கூகுள் கிளாஸ்ரூம். செவ்வாய்க்கிழமை மூடில். புதன் காலையில க்விஸ் நடத்துற ஒரு ஆப், மத்தியானம் வீடியோ எடிட்டிங். வியாழன் இன்னும் மூணு. வெள்ளிக்கிழமை ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினா இ-சர்டிபிகேட். குரூப் போட்டோ.

அடுத்த திங்கட்கிழமை? சிலபஸ் பாதி முடியாம கிடக்கு. இன்டர்னல் தேர்வு வருது. அஞ்சு நாள்ல பார்த்த பத்து டூல்ல ஒண்ணோட பாஸ்வேர்டு கூட ஞாபகம் இல்லை. பழைய பிபிடி பென்டிரைவ்ல தயாரா இருக்கு. எதை எடுப்பாங்க?

சோம்பேறித்தனம்னு இதைச் சொல்லிட முடியாது. சான்றிதழ் பதவி உயர்வுக்குத் தேவை. நாக் மதிப்பீட்டுல காட்ட கல்லூரிக்கும் தேவை. ரெண்டு பேரோட தேவையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்ந்துடுது. வகுப்புல உட்கார்ந்திருக்கிற மாணவரோட தேவை மட்டும் அந்தக் கணக்குல வரவே இல்லை.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் லாரி கியூபன், சிலிக்கான் வேலியில் இருக்கும் பள்ளிகளையும் தன் பல்கலைக்கழகத்தையும் ஆராய்ந்து 2001-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கணினி தாராளமாகக் கிடைத்த அந்த இடங்களிலேயே, ஆசிரியர்கள் பெரும்பாலும் முன்பு செய்துகொண்டிருந்ததையே கணினி வைத்துத் தொடர்ந்தார்கள் என்பதுதான் அவர் கண்டது. கரும்பலகை போய்த் திரை வந்தது. பாடம் நடந்த விதம் அப்படியே இருந்தது.

2020 சொன்ன பதில்

இதுக்கு இன்னும் பெரிய சாட்சி நம்ம எல்லாருக்கும் தெரியும். 2020 மார்ச், ஊரடங்கு. இருபது வருஷமா 'எனக்கு கம்ப்யூட்டர் வராது'ன்னு சொன்ன பேராசிரியர்கள், சில வாரத்துல கூகுள் மீட்ல வகுப்பு எடுத்தாங்க. பேரன் பேத்தி சொல்லிக் கொடுத்தாங்க, எச்.ஓ.டி. போன்ல வழி சொன்னார். குத்துவிளக்கு ஏத்தாம, சமோசா இல்லாம, நாடே டூல் கத்துக்கிச்சு.

ஆனா வகுப்பு எப்படி இருந்தது? உங்கள்ல பல பேர் அந்த பேட்ச்தான். கேமரா ஆஃப், மைக் ஆஃப், அறுபது கறுப்புக் கட்டம். அந்தப் பக்கம் அதே பிபிடி, அதே வாசிப்பு. 'கேக்குதா? கேக்குதா?'ன்னு நடுநடுவுல ஒரு தனிக்குரல்.

எனக்கு இதுல கிடைச்ச பாடம் தெளிவானது. டூல் தெரியாதது ஒருநாளும் முக்கியத் தடை இல்லை. தேவைன்னு வந்தா அதை யாரும் கத்துக்குவாங்க. தடை வேற எங்கேயோ இருக்கு.

நடுவில் இருக்கும் அறிவு

எங்கே இருக்குன்னு புரிய, ரெண்டு பெயரை அறிமுகப்படுத்தறேன். லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். பாடம் தெரிவது ஒரு அறிவு. பொதுவாக வகுப்பை நடத்தத் தெரிவது இன்னொரு அறிவு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இந்தப் பாடத்தில், இந்த இடத்தில், புதிதாகப் படிக்க வருகிறவர் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்வார், அதை எந்த உதாரணத்தால் சரிசெய்யலாம் என்ற அறிவு. நல்ல ஆசிரியரின் சொத்து அதுதான்.

2006-இல் புண்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இரண்டு பேர் இதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். டிபேக் என்று அதைச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: மென்பொருளைத் தனியாகத் தெரிந்துகொண்டால் போதாது. என் பாடத்தில் மாணவர் தடுக்கி விழும் குறிப்பிட்ட இடத்தில் அது எப்படிக் கைகொடுக்கும் என்று தெரிய வேண்டும்.

அப்படின்னா பயிற்சி எங்கே தொடங்கணும்? மவுஸ்ல இல்லை. அந்தத் தடுக்கி விழுற இடத்துல. நான் இப்போ நடத்துற எந்தப் பயிற்சியிலும் முதல் நாள் கம்ப்யூட்டரை ஆன் பண்றதில்லை. ஒரே கேள்விதான் கேக்கிறேன்: 'உங்க பிள்ளைங்க வருஷா வருஷம் எந்த இடத்துல மாட்டிக்கிறாங்க?'

34,868 ரூபாய்

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு சின்ன ஊர்ல மகளிர் கல்லூரி. காமர்ஸ் துறை மேடம் ஒருத்தர். ஓய்வுபெற நாலு வருஷம்தான் இருந்தது. என்னைப் பார்த்ததுமே, "தம்பி, எனக்கு மவுஸைப் பிடிச்சாலே கை நடுங்கும். என்னை விட்டுடுங்க"ன்னாங்க.

"மவுஸ் இருக்கட்டும் மேடம். பிள்ளைங்க எங்கே மாட்டிக்கிறாங்கன்னு மட்டும் சொல்லுங்க"ன்னேன்.

பத்து நிமிஷம் நிறுத்தாம பேசினாங்க. தேய்மானம், அதாவது டிப்ரிசியேஷன். ஒரு லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்கறோம், வருஷம் 10 சதவீதம் தேய்மானம். நேர்கோட்டு முறையில வருஷா வருஷம் 10,000 ரூபாய் கழியும், பத்து வருஷத்துல பூஜ்யம். குறைந்து செல் மதிப்பு முறையில அந்தந்த வருஷம் மிச்சம் இருக்கிற மதிப்புல 10 சதவீதம் கழியும். முதல் வருஷம் 10,000, அடுத்தது 9,000, அப்புறம் 8,100. "சூத்திரத்தை ஒப்பிச்சுடுவாங்க தம்பி. பரீட்சையில மார்க்கும் வாங்கிடுவாங்க. ஆனா ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு 28 வருஷமா எந்த பேட்ச்சுக்கும் மனசுல ஏறலை."

இந்த அறிவு எந்த ரிசோர்ஸ் பெர்சன்கிட்டயும் கிடைக்காது. எனக்கு ஸ்ப்ரெட்ஷீட் தெரியும், அவங்களுக்கு 28 வருஷம் தெரியும்.

மூணே விஷயம் கத்துக்கிட்டாங்க. கட்டத்துல எண் போடறது, சூத்திரத்தைக் கீழே இழுக்கிறது, அதை கிராஃபா மாத்துறது. அடுத்த வாரம் வகுப்புல, திரையைக் காட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை கொடுத்தாங்க. 'ரெண்டாவது முறையில பத்து வருஷம் கழிச்சு எவ்வளவு மிஞ்சும்? நோட்டுல எழுதுங்க.' பெரும்பாலான பிள்ளைங்க பூஜ்யம்னு எழுதினாங்க. அப்புறம் மேடம் சூத்திரத்தைக் கீழே இழுத்தாங்க. 34,868 ரூபாய்.

வகுப்புல சலசலப்பு. "அப்போ எப்பதான் மேடம் பூஜ்யம் ஆகும்?"னு ஒரு பொண்ணு கேட்டா. "நீயே வந்து இழு"ன்னு மவுஸை அவகிட்ட கொடுத்துட்டாங்க. இருபது வருஷத்துக்கு இழுத்தா 12,158. இன்னும் இழுத்தா இன்னும் சின்ன எண். பூஜ்யம் மட்டும் வரலை. 10 சதவீதத்தை 20 ஆக்கிப் பார்த்தாங்க. பத்தாவது வருஷம் 10,737. அப்பவும் பூஜ்யம் இல்லை. 'மிச்சத்துல பங்கு எடுத்துக்கிட்டே போனா மிச்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும்'னு பின்வரிசையில யாரோ சொன்னாங்களாம்.

அன்னிக்கு சாயங்காலம் மேடம் போன் பண்ணாங்க. "இத்தனை வருஷம் நான் அவங்களுக்குச் சொன்னதை, இன்னிக்கு அவங்க எனக்குச் சொன்னாங்க தம்பி."

இருபது நிமிஷ வேலை அது. ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர். இதுல உண்மையான தொழில்நுட்பம் எது தெரியுமா? 'முதல்ல நோட்டுல எழுதுங்க'ன்னு சொன்னதுதான். ஊகிக்க வெச்சு அப்புறம் காட்டினாங்க. நேரா கிராஃபைக் காட்டியிருந்தா அதுவும் இன்னொரு ஸ்லைடா போயிருக்கும்.

ஊகம், விவாதம், அப்புறம் திரை

இதே வரிசை எல்லாத் துறைக்கும் ஒத்துவரும். இயற்பியலை எடுத்துக்குங்க. ஒரே மாதிரி ரெண்டு பல்பைத் தொடரா இணைச்சிருக்கோம். எது அதிகமா எரியும்? முதல் பல்புன்னு நிறைய பேர் சொல்வாங்க. மின்னோட்டம் முதல் பல்புல கொஞ்சம் செலவாயிடும்னு நினைப்பாங்க. உண்மையில ரெண்டும் ஒரே அளவுதான் எரியும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் என்ற இலவச சிமுலேஷன் தளத்துல இந்தச் சுற்றை நீங்களே கட்டிப் பார்க்கலாம். எலக்ட்ரான் ஓடுறது தெரியும். முன்கூட்டியே டவுன்லோடு பண்ணி வெச்சுக்கிட்டா வகுப்புல இன்டர்நெட்டும் வேண்டாம்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதையே ஒரு முறையாக வளர்த்தார். கேள்வி கேட்பார், ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு மறுபடி விடை. அங்கே கிளிக்கர் என்ற கருவி பயன்பட்டது. நம்ம ஊர்ல நாலு நிற அட்டை போதும். ஏ, பி, சி, டி. அட்டையைத் தூக்கினா வகுப்பு எங்கே நிக்குதுன்னு ஒரு பார்வையில தெரிஞ்சுடும்.

கேபிளைப் பிடுங்கும் பயிற்சி

இப்போ யாரும் வெளிப்படையா பேசாத விஷயத்துக்கு வர்றேன். பயம்.

பேராசிரியர்கள் கணினியைப் பார்த்து பயப்படறதில்லை. நல்லா யோசிச்சுப் பாருங்க, அவங்களும் போன்லதான் பணம் அனுப்பறாங்க, ரயில் டிக்கெட் எடுக்கிறாங்க. அறுபது பேர் முன்னாடி திரையில 'நோ சிக்னல்'னு வர்ற அந்த நிமிஷத்துக்குத்தான் பயம். பின்னாடி யாரோ சிரிப்பாங்க. இருபது வருஷம் சேர்த்த மரியாதை ஒரு கேபிள்ல தொங்கும். அந்த அவமானத்துக்குப் பழைய பிபிடியே பாதுகாப்பு.

அதனால என் பயிற்சியில ஒரு விதி உண்டு. ஒவ்வொருத்தரும் சக ஆசிரியர்கள் முன்னாடி பதினஞ்சு நிமிஷம் பாடம் எடுக்கணும். நடுவுல, சொல்லாம கொள்ளாம, நான் போய் கேபிளைப் பிடுங்குவேன். திரை இல்லாம அஞ்சு நிமிஷம் தொடரணும். முதல்ல கோபம் வரும். அப்புறம் ஒருத்தர் சாக்பீஸை எடுப்பார், ஒருத்தர் 'பக்கத்துல இருக்கிறவரோட பேசுங்க'ன்னு சொல்வார். கேபிள் போயும் நின்ன பாடம், ஆசிரியர் கைக்குள்ள இருக்கிற பாடம். விழுந்துட்டா அது ஸ்லைடுக்குள்ள மட்டும் இருந்திருக்கு. மூணாவது நாள் யாருக்கும் என்னைப் பார்த்து பயம் இருக்காது. கேபிளைப் பார்த்தும் இருக்காது.

இன்னொண்ணு, மொழி. இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் நடக்கும். வகுப்புல தமிழ்ல விளக்குறவங்க, பயிற்சியில இங்கிலீஷ்ல சந்தேகம் கேக்கத் தயங்கி உட்கார்ந்திருப்பாங்க. தமிழ்ல பேச ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் முதல் கேள்வியே வரும்.

யாருக்கு நேரம் இருக்கு?

யுஜிசி விதிப்படி ஒரு அசிஸ்டென்ட் புரொஃபசர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்கணும். அதோட பேப்பர் திருத்தறது, நாக் ஃபைல், அட்மிஷன் வேலை. அந்தத் தேய்மான வகுப்பு மாதிரி இருபது நிமிஷத்தை முதல்முறை தயார்பண்ண மூணு நாலு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை யார் கொடுப்பா? நான் போன பல இடத்துல, அதிக வகுப்பு எடுக்கிறவங்க கௌரவ விரிவுரையாளர்கள். பயிற்சிக்கு அனுப்பப்படறவங்க நிரந்தரப் பணியில இருக்கிறவங்க. வகுப்பு ஒருத்தருக்கு, சான்றிதழ் இன்னொருத்தருக்கு.

இதுல யார் இழக்கிறாங்க? உங்களுக்கும் எனக்கும் வகுப்பு புரியலைன்னா யூட்யூப் இருக்கு, காசு கொடுத்துப் படிக்க கோர்ஸ் இருக்கு. வீட்டுல முதல் பட்டதாரியா, காலையில ரெண்டு பஸ் மாறி வந்து, சாயங்காலம் பகுதிநேர வேலைக்குப் போற ஒரு பொண்ணுக்கு அந்த 50 நிமிஷ வகுப்புதான் எல்லாம். அதுவும் வாசிப்பா போயிட்டா, அவளுக்கு வேற இடம் இல்லை.

இப்போ எஃப்.டி.பி. பேனர்ல எல்லாம் ஏஐ. 2022 கடைசியில சாட்ஜிபிடி வந்த பிறகு, பத்து டூல் இருந்த இடத்துல அம்பது டூல். அதே பழைய வண்டிக்குப் புது பெயின்ட். நான் இங்கேயும் பழைய கேள்வியைத்தான் கேக்கிறேன்: உங்க பாடத்துல மாணவர் எங்கே விழறார்? ஒரு வரலாற்று ஆசிரியர் ஏஐ எழுதின பதிலை பிரின்ட் எடுத்துட்டுப் போய், 'இதுல எது தப்பு, தப்புன்னு எப்படித் தெரியும், லைப்ரரியில ஆதாரம் காட்டுங்க'ன்னு வகுப்பைப் பிரிச்சு விட்டார். ஆதாரத்தைத் தேடறதுதானே வரலாறு. அவரோட பாடம் அங்கே நடந்துடுச்சு.

நீங்க என்ன பண்ணலாம்?

கல்லூரி நிர்வாகத்துல இருக்கிறவங்க கேட்டா, சுருக்கமா சொல்றேன். அஞ்சு நாள் பத்து டூலை விடுங்க. ஒரு ஆசிரியர், ஒரு தடுக்கி விழுற இடம், ஒரு டூல். ஒரே துறையிலிருந்து ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருப்பாங்க. கௌரவ விரிவுரையாளர்களையும் சேருங்க. ரெண்டு வாரம் கழிச்சு, 'வகுப்புல என்ன நடந்தது?'ன்னு யாராவது போன் பண்ணிக் கேளுங்க. சான்றிதழை அதுக்கப்புறம் கொடுங்க.

ஐடியில, பேங்க்ல, ஸ்டார்ட்அப்ல இருக்கிற மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க காலேஜ் அலும்னி மீட்டுக்குக் கூப்பிடும்போது, மேடையேறி இண்டஸ்ட்ரி பற்றி ஒரு மணி நேரம் பேசறதுக்குப் பதிலா, உங்க பழைய பேராசிரியர் ஒருத்தரோட ஸ்டாஃப் ரூம்ல உட்காருங்க. "சார், எந்தப் பாடத்துல பசங்க மாட்டிக்கிறாங்க?"ன்னு கேளுங்க. பத்து நிமிஷம் குறுக்கே பேசாம கேளுங்க. அப்புறம் லேப்டாப்பைத் திறங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மூணு கிளிக் போதும். மீதி அவர்கிட்ட இருக்கு.

இன்னும் காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு இன்னும் சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை திரையில 'நோ சிக்னல்'னு வந்தா, சிரிக்காம எழுந்து போய் கேபிளைச் சரி பண்ணுங்க.

உங்க வகுப்புல ஒரு ஆசிரியர் கணினியை வெச்சு உண்மையிலேயே ஏதாவது புரிய வெச்சிருந்தா, அது எந்தப் பாடம், என்ன செஞ்சார்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த பயிற்சியில அதை உதாரணமா சொல்ல எனக்கு உதவும். அடுத்த வாரம் இன்னொரு எபிசோடில் சந்திப்போம்.